சென்னையில் ஜம்பிங் குதிரை வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு சின்ன லாயம். பக்கத்தில் சவுக்குத் தோப்பு, நடுவில் மணல் மைதானம், ஒன்பது குதிரைகள். அங்கே பதினைந்து வருடமாக ஜம்பிங், அதாவது குதிரையேறித் தடை தாண்டுவது, சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடம் முடிந்ததும் பெற்றோர்கள் டீ கிளாஸோடு வேலி ஓரம் வந்து நிற்பார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆளாளுக்குச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சார், சுற்றி வளைக்காமல் சொல்லுங்க. ஜம்பிங்குக்கு எந்த இனம் நல்லது?

எவ்வளவு உயரம் தாண்டப் போகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

80 சென்டிமீட்டர், மிஞ்சிப் போனால் ஒரு மீட்டர் என்றால், கால் நன்றாக இருந்து, தலையில் கிறுக்கு இல்லாத எந்தக் குதிரையும் போதும். இனம் பார்க்கவே வேண்டாம். 1.10, 1.20 மீட்டர் என்றால் ரேஸ் ஓடி ஓய்ந்த தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்) தாராளமாகச் செய்யும். 1.30க்கு மேல், அதுவும் வாராவாரம் என்றால் வார்ம்பிளட் என்கிற ஐரோப்பிய சவாரிக் குதிரைகள் பக்கம் போக வேண்டிவரும். ஒலிம்பிக்கில் வைக்கிற 1.60, 1.65க்குக் குதிரை தேடுகிறவர் என்னிடம் வந்து கேட்க மாட்டார்.

இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் வகை. ஆனால் எல்லாரும் தேடுவது மூன்றாவது வகைக் குதிரையை. என்னைக் கேட்டால் சென்னையில் இனம் நாலாவது கேள்விதான். குதிரை நன்றாக வியர்க்கிறதா, கேன்டர் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) எப்படி, குணம் எப்படி, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு இனத்துக்கு வரலாம்.

‘ஹாட் பிளட்’, ‘வார்ம் பிளட்’ என்கிறார்களே, ரத்தம் சூடாக இருக்குமா?

இல்லை. எல்லாக் குதிரைக்கும் உடம்புச் சூடு ஒன்றுதான், சுமார் 38 டிகிரி. இது குணத்தை வைத்து வந்த பெயர். அரபியும் தரோபிரெட்டும் துடிப்பானவை, சட்டென்று பற்றிக்கொள்ளும். அவை ஹாட் பிளட். ஏர் உழவும் வண்டி இழுக்கவும் வளர்த்த கனத்த ஐரோப்பியக் குதிரைகள் கோல்ட் பிளட். இரண்டு பக்கத்து ரத்தமும் கலந்து, பல தலைமுறையாக சவாரிக்கென்றே பொறுக்கி வளர்த்தவை வார்ம்பிளட்.

ஐரோப்பாவில் ஜெயிப்பதெல்லாம் வார்ம்பிளட்தானே? நாமும் அதையே வாங்கினால் என்ன?

ஜெயிப்பது உண்மை. டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வாங்கிய எக்ஸ்ப்ளோஷன் டபிள்யூ டச்சு வார்ம்பிளட். 2024 பாரிஸில் ஜெயித்த செக்கர் 47 ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியன். ஹனோவேரியன், ஹோல்ஸ்டைனர், பிரான்சின் செல் பிரான்சே, பெல்ஜியன் வார்ம்பிளட் எல்லாம் இதே கூட்டம். ஹனோவேரியனுக்கு அடிப்படையான செல்லே குதிரைப் பண்ணை தொடங்கியது 1735இல். அத்தனை காலமாக எது நன்றாக வேலை செய்கிறதோ அதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றதைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தக் குதிரைகள் பின்னங்காலை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, ஸ்பிரிங் மாதிரி கேன்டர் செய்கின்றன. தடையில் ஒரு கம்பு விழுந்தாலும் பதறுவதில்லை.

ஆனால் ஜெயித்த குதிரைகளின் பட்டியலைக் கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வாங்கிய டச் ஆஃப் கிளாஸ் ஒரு தரோபிரெட். ரேஸில் ஒன்றுகூட ஜெயிக்காத பெட்டைக் குதிரை அது. அந்த ஒலிம்பிக்கில் 91 தடைகளில் 90ஐத் தட்டாமல் தாண்டியது. 1988 சியோலில் ஜெயித்த ஜாப்லூ 1.58 மீட்டர் உயரம்தான். அப்பா வண்டிப் பந்தய டிராட்டர், அம்மா தரோபிரெட். 1956இல் தொடங்கி மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஹல்லாவுக்கும் தந்தை டிராட்டர்தான். உலக உயரச் சாதனை 2.47 மீட்டர். 1949இல் சிலி நாட்டில் அதைத் தாண்டிய வாசோவும் ரேஸ் மைதானத்திலிருந்து வந்த குதிரையே. இன்றுவரை யாரும் அதை முறியடிக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒருவர், “அப்போ இனம் சும்மாதானா?” என்பார். சும்மா இல்லை. ஹோல்ஸ்டைனர் குட்டி நூறு எடுத்தால் பெரும்பாலானவை ஓரளவாவது தாண்டும். மற்ற இனத்தில் நூறு எடுத்தால் தாண்டுகிறதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடத் தெரிந்தவர் உங்களோடு இருந்தால் இனத்துக்காகக் கொட்டுகிற பணம் மிச்சம்.

இன்னொன்று, வார்ம்பிளட் பெரிய உடம்பு. 550, 600 கிலோ சாதாரணம். உடம்பு பெரிதாகப் பெரிதாக உள்ளே உண்டாகும் சூட்டை வெளியேற்றுவது கஷ்டம். ஜெர்மனியில் அது ஒரு பிரச்சினையே இல்லை. கோவளத்தில் மே மாதம் அதுதான் முதல் பிரச்சினை.

வியர்வை வியர்வை என்கிறீர்களே, குதிரைக்கு அது அவ்வளவு முக்கியமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன். சொந்தப் பணத்தைக் கொட்டிக் கற்ற பாடம்.

நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கியே சூட்டைத் தணித்துக்கொள்ளும். குதிரை மனிதனைப் போல, வியர்த்துத்தான் ஆறும். கடுமையான வேலையில் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல் வியர்வை போகும். அதில் உப்பு நம் வியர்வையைவிட அதிகம். சோப்பு போல நுரைக்க வைக்கும் ஒரு புரதமும் உண்டு. கழுத்தில் கடிவாள வார் உரசுகிற இடத்தில் வெள்ளை நுரை கட்டுவது அதனால்தான். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். நுரை கட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

சில குதிரைகளுக்கு வெப்பமும் ஈரப்பதமும் மாதக்கணக்கில் அடித்தால் வியர்வைச் சுரப்பி ஓய்ந்துவிடும். ஆங்கிலேயர்கள் இங்கே ரேஸ் குதிரையும் போலோ குதிரையும் கொண்டுவந்த காலத்திலேயே இதைக் கவனித்து ‘டிரை கோட்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றும் லாயத்தில் அப்படித்தான் சொல்கிறோம்: “அது டிரை ஆயிடுச்சு சார்.”

பல வருடம் முன்பு, பெயர் வேண்டாம், ஒருவரிடம் ஒரு செவலைப் பெட்டை வாங்கினேன். ரத்தம் பிரமாதம், பாட்டன் முப்பாட்டன் வரை காகிதம் இருந்தது. டிசம்பரில் பார்த்தேன், 1.20 மீட்டரைப் பூனை மாதிரி தாண்டியது. அன்றைக்கே பேசி முடித்துவிட்டேன். மே மாதம் வந்தது. ஒருநாள் சாயங்காலம் ஐந்தரை மணி. இருபது நிமிடம் டிராட் (நடைக்கும் கேன்டருக்கும் நடுவிலான ஓட்டம்), கொஞ்சம் கேன்டர், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் மூக்குத்துவாரம் இரண்டும் தம்ளர் வாய் மாதிரி விரிந்திருக்கிறது, விலா தாறுமாறாக ஏறி இறங்குகிறது. கழுத்தில் கை வைத்தேன். அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிடரி மயிருக்கு அடியில் மட்டும் விரல் நுனி லேசாக நனைந்தது. நெற்றித் தோல் மாவு உதிர்கிற மாதிரி செதில் செதிலாக இருந்தது. அது ஒருநாளில் வந்ததில்லை. நான்தான் அதுவரை கவனிக்கவில்லை.

சைஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்பவர்) ஓடிப்போய் ஹோஸ் பைப்பைப் பிடித்தார். ஊற்றுவோம், வழித்தெடுப்போம், மறுபடி ஊற்றுவோம். முக்கால் மணி நேரம் ஆனது மூச்சு அடங்க. அந்தக் குதிரையை அதற்கப்புறம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும்தான் தாண்ட வைக்க முடிந்தது. கடைசியில் நீலகிரியில் ஒருவருக்குக் கொடுத்தேன், விஷயத்தைச் சொல்லித்தான் கொடுத்தேன். அந்தக் குளிரில் நன்றாக இருக்கிறது.

வெயில் காலத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள். 130க்குள் என்றால் கவலை இல்லை. 150ஐத் தாண்டினால் குதிரை தடுமாறத் தொடங்கும். 180 என்றால் சேணத்தைத் தொடவே வேண்டாம். சென்னையில் மே மாதம் மதியம் 100 டிகிரி, ஈரப்பதம் 55 என்றால் 155. “அப்போ விடியற்காலை போகலாமே” என்பீர்கள். விடியற்காலை 84 டிகிரி, ஈரப்பதம் 80; கூட்டினால் 164! விடிகாலையில் வெயில் முதுகில் அடிக்காது என்பது மட்டுந்தான் லாபம். அதனால் கோடையில் எங்கள் பாடம் அரை மணிக்கு மேல் போவதில்லை.

ரேஸ் குதிரை வாங்கினால் ஓடியே போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

கிண்டி, பெங்களூரு என்று ஓடி முடித்துவிட்டு வெளியே வரும் தரோபிரெட்கள்தான் இந்த ஊரில் ஜம்பிங் குதிரைகளில் பெரும்பங்கு. பலவற்றுக்கு நாலைந்து வயதுதான் இருக்கும். விலை வார்ம்பிளட்டுக்குப் பக்கத்திலேயே வராது. பிறந்ததிலிருந்து நம் வெக்கையில் வளர்ந்தவை. தைரியம் உண்டு, கால் வேகம் உண்டு.

ஓடிப்போவதற்குக் காரணம் கெட்ட குணம் இல்லை, அதற்குக் கற்றுக்கொடுத்த பாடம். ரேஸ் மைதானத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடித்தால் “சாய்ந்துகொண்டு இன்னும் ஓடு” என்று அர்த்தம். நீங்கள் பயந்துபோய் வாரை இழுத்தால் அது கீழ்ப்படிந்து இன்னும் வேகமாக ஓடும். பாவம், அதன் மேல் தப்பே இல்லை. ஜாக்கியின் கால் மேலே மடங்கியிருக்கும் என்பதால் விலாவில் கால் படுவது என்றாலே என்னவென்று தெரியாது. நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள் என்பதால் நின்று ஏற விடாது. இதையெல்லாம் அழித்து எழுத வேண்டும்.

நான் செய்வது இது. வந்ததும் இரண்டு மூன்று மாதம் சும்மா விடுவேன். லேசான அலுமினிய லாடத்தைக் கழற்றிவிட்டு, குளம்பு கொஞ்சம் வளர விடுவேன். பல தரோபிரெட்களுக்கு அடிக்குளம்பு மெல்லியது. அப்புறம் நடை, வட்டம், நிற்பது. ஆறு மாதம் கழித்துத் தரையில் கம்பு போட்டுத் தாண்டிப் போவது. ஒரு வருடம் ஆகும் 80 சென்டிமீட்டரை ஒழுங்காகத் தாண்ட. இரண்டு வருடம் என்றால் நிம்மதியாகத் தாண்டும். முதுகெலும்பு முற்றுவதற்கே ஐந்தரை வயது தாண்டிவிடும். நாலு வயசுக் குதிரையை உயரம் தாண்ட விரட்டுபவர் யாராக இருந்தாலும் அவரிடம் வாங்காதீர்கள்.

ஆக, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாக சவாரி தெரிந்திருந்தால், பக்கத்தில் பயிற்சியாளர் தினமும் இருந்தால், தரோபிரெட் எடுங்கள். சவாரி பழகுகிறவரும் புதிது, குதிரையும் புதிது என்றால் வேண்டவே வேண்டாம். அந்த ஜோடி சேர்ந்து கற்றுக்கொள்வது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை மட்டும்தான்.

மார்வாரி, கத்தியவாரி எல்லாம் நம் நாட்டுக் குதிரை. அந்தியூர்ச் சந்தையில் கிடைக்கிறதே?

ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனால் கண் கூசும். காது இரண்டும் நுனியில் உள்பக்கம் வளைந்து முட்டிக்கொள்ளும் அழகைப் பார்க்கவே போகலாம். நானும் போவேன். ஜம்பிங்குக்காக இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை.

காரணம் வீம்பு இல்லை. மைதானத்தில் இரண்டு தடைக்கு நடுவில் உள்ள தூரத்தை ஒரு கணக்கு வைத்து அமைக்கிறார்கள்: ஒரு குதிரையின் ஒரு கேன்டர் பாய்ச்சல் 12 அடி. ஒரு பாய்ச்சல் போட்டுத் தாண்டும் இரட்டைத் தடை என்றால், இறங்க 6 அடி, பாய்ச்சல் 12, எழும்ப 6, மொத்தம் 24 அடி. 14 கை (4 அடி 8 அங்குலம்) உயர மார்வாரிக்கு இயல்பான பாய்ச்சல் அவ்வளவு நீளம் வராது. கழுத்தைத் தூக்கி, முன்னங்காலை உயர்த்திப் போடும் நடை அதற்கு. ஊர்வலத்துக்கு அழகு, 24 அடிக்குள் ஒரே பாய்ச்சலில் போய் எழும்பக் கஷ்டம். ஒன்று பாய்ச்சலை வலிந்து நீட்டி ஓட வேண்டும், இல்லை நடுவில் அரைப் பாய்ச்சல் திணிக்க வேண்டும். இரண்டுமே கம்பைத் தட்டும்.

ஆனால் 80, 90 சென்டிமீட்டர் வரை தாண்டும் நல்ல மார்வாரிகளைப் பார்த்திருக்கிறேன். வறண்ட வெயிலைப் பிரமாதமாகத் தாங்கும். நம் ஊர் புழுக்கம் வேறு விஷயம், அதற்கு அதுவும் பழக வேண்டும். காட்டுப்பாதை சவாரி, நீண்ட தூரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கின. இங்கே வந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். எழுநூறு வருடத்துக்கு அப்புறமும் ஊருக்கு ஒவ்வாத குதிரையைப் பணம் கொட்டி வாங்குகிற வழக்கம் நம்மை விடவில்லை.

சுழி பார்த்து வாங்கலாமா?

எங்கள் அப்பா மாடு வாங்கும்போது சுழி பார்ப்பார். குதிரைக்கும் பார்க்கிறார்கள்: நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, எது ராஜ சுழி, எது குடும்பத்துக்கு ஆகாது என்று. தாண்டுவதற்கும் சுழிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் பெரியவர்கள் நம்பினால் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வாங்கி வந்தபிறகு “இதுக்கு இந்த இடத்துல சுழி இருக்கே” என்று பாட்டி ஆரம்பித்தால், அதற்கப்புறம் பேத்தி விழுகிற ஒவ்வொரு முறையும் அந்தச் சுழிதான் காரணமாகும்.

சுழிக்கு ஒரு நிஜமான உபயோகம் உண்டு. அது வாழ்நாள் முழுக்க மாறாது, அதனால் அடையாளத்துக்காகக் குதிரையின் பாஸ்போர்ட்டில் (அடையாளப் புத்தகம்) வரைந்து குறித்துவைப்பார்கள்.

வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று பையன் அடம்பிடிக்கிறான்.

பிறவியிலேயே வெள்ளையாக, தோலும் ரோஜா நிறமாக இருக்கும் நொக்ரா குதிரைக்கு நம் வெயிலில் மூக்கும் கண்ணோரமும் வெந்துபோகும். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து வயதாக ஆக வெளுத்துப்போவது வேறு. அதன் தோல் கறுப்பு, வெயில் தாங்கும். ஆனால் வயதானபிறகு வாலடியில் கட்டிகள் வர வாய்ப்பு அதிகம். வாங்கும்போது வாலைத் தூக்கிப் பாருங்கள்.

மகளுக்கு 11 வயது. போனி வாங்கட்டுமா, பெரிய குதிரையே வாங்கிவிட்டால் வளர்ந்தபிறகும் ஆகுமே?

புதுச் செருப்பு வாங்குகிற கணக்கு இது. பெரியதாக வாங்கினால் ரெண்டு வருஷம் வரும் என்கிற கணக்கு. குதிரையில் செல்லாது.

போட்டி விதிப்படி போனி என்றால் லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டருக்குள். கை அளவில் சுமார் 14.2, ஒரு கை என்பது நாலு அங்குலம், புள்ளிக்கு அப்புறம் வருவது தசமம் இல்லை, அங்குலம். 14.2க்கு அடுத்து 14.3, அதற்கடுத்தது 15. ஒருவர் “15.7 கை” என்று விளம்பரம் போட்டிருந்தார். அவரிடம் போகவே இல்லை.

குழந்தையின் கால் சேணத்தின் ஓரத்தைத் தாண்டிக் குதிரையின் விலாவைத் தொட வேண்டும். தொடாவிட்டால் குதிரைக்கு இவள் சொல்வது கேட்காது, மூட்டை மாதிரி சுமந்துகொண்டு போகும். போனி என்றால் இளக்காரமும் வேண்டாம். ஸ்ட்ரோலர் என்ற போனி 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் பெரிய குதிரைகளோடு மோதி வெள்ளி வாங்கியது.

கனத்தையும் பாருங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுக் கணக்கு. தாண்டும் வேலைக்கு நான் 15இலேயே நின்றுவிடுவேன். 450 கிலோ குதிரைக்கு 67 கிலோ. அப்பாக்களுக்கு இது பிடிக்காத கணக்கு.

நம்மிடம் நல்ல போனி கிடைப்பது அபூர்வம். அதனால் பெரும்பாலும் நான் சொல்வது: 15 கைக்குள், 12 முதல் 16 வயதுக்குள், நாலைந்து பிள்ளைகளைத் தூக்கிப் பழகிய, கொஞ்சம் சோம்பேறிக் குதிரை. அதன் இனம் என்ன என்று யாருக்கும் தெரியாமலிருந்தாலும் பரவாயில்லை.

ஆணா, பெண்ணா?

முதல் குதிரை என்றால் காயடித்த ஆண். முழு ஆண் குதிரை வேண்டாம். பக்கத்து லாயத்தில் பெட்டை இருந்தால் உங்கள் பாடம் அன்றோடு முடிந்தது. பெட்டை உங்களை ஏற்றுக்கொண்டால் உயிரைக் கொடுக்கும், ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் வேலை.

பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் லாயத்துக்குள் நிற்கும்போதே பாருங்கள். மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குகிறதா, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கிறதா, யாராவது அருகில் போனால் காதைப் பின்னால் மடக்குகிறதா. அப்புறம் வெளியே கெட்டித் தரையில் நடக்க வைத்து, கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். நாலு குளம்புச் சத்தமும் சீராக விழ வேண்டும், தாளம் பிசகக்கூடாது.

உடம்பில் நான் தேடுவது: தோள்பட்டை செங்குத்தாக இல்லாமல் நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் முன்னங்காலை மடித்து மேலே தூக்க இடம் கிடைக்கும். பின்பக்கம் அகலமாக, தொடை கீழே வரை தசையோடு இருக்க வேண்டும். மேலே தள்ளுவது பின்னங்கால்தான். முன்னங்கால் குளம்புக்கு மேலுள்ள கணு ரொம்ப நீளமாகவும் இருக்கக்கூடாது, கட்டையாகவும் கூடாது. தாண்டி இறங்கும்போது ஒரு நொடி முழுக் கனமும் ஒரே முன்னங்காலில் இறங்குகிறது, அதைத் தாங்குவது அந்தக் கணுதான்.

அடுத்து ஆள் ஏறாமல் தாண்ட விடுங்கள். சுவர் ஓரமாகச் சின்னதாக ஒரு தடை, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. உயரத்தைப் பார்க்காதீர்கள், பயந்துபோனால் கழுதைகூட உயரமாகத் தாண்டும். தடைக்கு மேலே கழுத்தைக் கீழே நீட்டி, முதுகை வில் மாதிரி வளைக்கிறதா பாருங்கள். முழங்கால் இரண்டும் ஒரே சமமாக மேலே வருகிறதா? ஒன்று தொங்கினால் அது என்றாவது கம்பில் மாட்டும். கடைசி நொடியில் அதன் நெற்றிக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது, கண் பக்கவாட்டில் இருப்பதால். அதனால் இரண்டு மூன்று பாய்ச்சல் முன்னாலேயே காதை முன்னே நீட்டிக் கணக்குப் போடுகிற குதிரையாக இருக்க வேண்டும். இடித்துவிட்டுத் திரும்பி வரும்போது இரண்டாவது முறை இன்னும் கவனமாகத் தாண்டுகிறதா, அல்லது நின்றுவிடுகிறதா? எனக்கு ஒரு குதிரையைப் பற்றித் தெரிய வேண்டியதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

விற்பவரையே முதலில் ஏறச் சொல்லுங்கள். “எனக்கு இன்னைக்கு முதுகு வலி” என்றால் சரி சார் என்று திரும்பிவிடுங்கள்.

டாக்டரைக் கூட்டிப்போக வேண்டுமா?

கட்டாயம். அதுவும் விற்பவருடைய டாக்டர் வேண்டாம், உங்களுடையவர். குதிரை பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து, விட்டதும் டிராட் ஓட்டிப் பார்ப்பார். முதல் சில அடி நொண்டினால் மூட்டில் ஏதோ இருக்கிறது. ரேஸ் குதிரை என்றால் முன்னங்கால் பின்பக்கத் தசைநாரைத் தடவிப் பார்ப்பார். வாழைப்பழம் மாதிரி வெளியே வளைந்திருந்தால் ஒருமுறை கிழிந்து ஆறியது. கேன்டரில் மூச்சிழுக்கும்போது விசில் சத்தம் வருகிறதா கேட்பார். எக்ஸ்ரே செலவைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

தரோபிரெட் என்றால் காகிதத்தையும் சரிபாருங்கள். புனேயில் உள்ள ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியாவின் பாஸ்போர்ட்டும், கழுத்தில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையை உங்கள் லாயத்துக்குள் விடாதீர்கள். அது குதிரைக்கு வந்தால் மருந்தில்லை, மனிதருக்கும் தொற்றும்.

கொள்ளு கொடுத்தால் போதும்தானே?

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதைக் குதிரைக்குச் சொன்னது யார் என்று தெரியவில்லை. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு நல்ல புரதம், தசை பிடிக்கும். ஆனால் குதிரையின் வயிறு புல்லுக்காகப் படைத்தது. நாளெல்லாம் ஏதாவது நாரை மென்றுகொண்டே இருக்க வேண்டும். பிள்ளையாருக்குப் போடும் அருகம்புல் குதிரைக்கும் அருமையான தீனி. கூடவே தினம் சோற்று உப்பு 30 கிராம், வியர்க்கிற நாளில் இன்னும் கொஞ்சம்.

தரோபிரெட்டுக்குத் தானியத்தை ஏற்றிவிட்டு, லாயத்தில் 22 மணி நேரம் அடைத்துவைத்து, சனிக்கிழமை ஏறினால் அது பட்டாசு. இனத்தின் மேல் பழி போடும் பல கேஸ்களில் குற்றவாளி தீவனத் தொட்டிதான்.

பட்டாசு என்றதும் ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்?

ஒரு வாரம் முன்னாலிருந்தே லாயத்தில் ரேடியோ போட்டுவிடுவோம். அன்றிரவு சைஸ்கள் உள்ளேயே படுப்பார்கள், நிறைய வைக்கோல், ஜன்னல் பக்கம் சாக்குத் திரை. குணம் எப்படி என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். எங்களிடம் இருப்பதிலேயே பெரிய ரத்தம் ஓடுவது நடுங்கிக்கொண்டு நிற்கும். இனமே தெரியாத கிழட்டுக் கறுப்பன் சரவெடிக்கு நடுவில் வைக்கோல் மென்றுகொண்டிருப்பான்.

நவம்பர் மழையில் குளம்பு கெட்டுப்போகுமாமே?

ஈரத்திலும் சாணத்திலும் நின்றால் குளம்பின் அடியில் கறுப்பாக நாறும். தினமும் இரண்டு வேளை குத்தித் துடைத்து, காய்ந்த தரையில் நிறுத்தினால் வராது. ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வர வேண்டும். ஊரில் நல்ல லாடக்காரர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். குதிரை வாங்கும் முன் அவரிடம் நாள் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. பார்க்க எத்தனை மணிக்குப் போவது?

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். சேணம் போட்ட தடம் முதுகில் ஈரமாக இருந்தால், உங்களுக்காகக் காலையிலேயே ஓட்டிக் களைப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பிடித்துப்போனால் முன்பணம் கொடுக்காமல் திரும்புங்கள். டிசம்பரில் பார்த்திருந்தால் ஏப்ரல் வரை பொறுக்க முடியுமா என்று கேளுங்கள். பொறுக்க மாட்டேன் என்றால், போன கோடையில் அந்தக் குதிரையில் சவாரி கற்ற பிள்ளைகள் யாராவது இருப்பார்கள், அவர்களிடம் விசாரியுங்கள். ஏப்ரலில் போக முடிந்தால் மதியம் மூன்று மணிக்குப் போய், இருபது நிமிடம் டிராட் ஓட்டச் சொல்லி, சேணத்தை இறக்கியதும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் கையை வைத்துப் பாருங்கள். சட்டை பாழாகும், பழசைப் போட்டுக்கொண்டு போங்கள்.